பொப்லெட்: 105 வருட மௌனத்துக்குப் பிறகு

முதல் நாள்

பார்சிலோனாவிலிருந்து லெய்தா போகும் ரயிலில் இரண்டரை மணி நேரம். எஸ்ப்ளூகா தெ ஃபிராங்கோலி நிலையத்தில் இறங்கியது நானும் அம்மாவும், முதுகில் பையோடு ஒரு பள்ளிக்கூடப் பையனும். பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முன்பே சொல்லிவைத்திருந்த டாக்சி வரவில்லை. அரை மணி நேரம் பார்த்தோம், இரண்டு தடவை போன் அடித்தோம், எடுக்கவில்லை. அம்மாவுக்கு அறுபத்தாறு வயது, வலது முழங்கால் சரியில்லை.

"எவ்வளவு தூரம்டி?"

"மூணு கிலோமீட்டர்மா. உங்களால முடியாது, கொஞ்சம் பொறுங்க."

"வேளாங்கண்ணிக்கே நடந்தவ நான். பையை நீ தூக்கு."

நடந்தோம். இப்போது யோசித்தால், அந்த டாக்சி வராமல் போனது நல்லதுதான். அக்டோபர் கடைசி வாரம். ரோட்டின் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், அறுவடை முடிந்து இலை மட்டும் கொடியில் நிற்கிறது, செம்பு நிறத்தில். இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு திராட்சை உண்டு, திரெபாத் என்று பெயர். எதிரே பிராதெஸ் மலை, அதன் அடிவாரம் முழுக்கக் காடு. நடக்க நடக்க, அந்தக் காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் தேன் நிறத்தில் ஒரு கோட்டை மாதிரி எழும்பி வந்தது. மதில், கோபுரம், மறுபடியும் மதில். அம்மா நின்றுவிட்டார்கள். "இதுவா மடம்? அரண்மனைன்னுல்ல நினைச்சேன்."

இரண்டும்தான். பொப்லெட் ஒரு சிஸ்டர்சியன் துறவியர் மடம், கத்தலோனியா, அரகோன் அரசர்களின் கல்லறைக் கோயிலும்கூட. லத்தீனில் பொபுலேதும், அதாவது பாப்லர் மரத்தோப்பு. பாப்லர் தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் நிற்கும். சிஸ்டர்சியன் துறவிகள் மடம் கட்ட இடம் தேடும்போது முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான்.

நான் இங்கே வந்த காரணத்தை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். 1835இல் இந்த மடத்திலிருந்து துறவிகள் வெளியேறினார்கள். அதற்குப் பிறகு கூரை விழுந்தது, கல்லறைகள் உடைக்கப்பட்டன, ஆடு மாடு உள்ளே மேய்ந்தது. 1940இல் நான்கு பேர் வந்து மறுபடியும் செபம் பாடத் தொடங்கினார்கள். நடுவில் 105 வருடம். இடிந்த கட்டடத்தைத் திரும்பக் கட்டுவது நிறைய ஊரில் நடக்கிறது. ஆனால் நின்றுபோன ஒரு பாட்டைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? அது இங்கே நடந்திருக்கிறது. அதைக் காதால் கேட்கத்தான் வந்தேன்.

மதிலுக்குள்ளேயே விருந்தினர் விடுதி இருக்கிறது. துறவியர் குடியிருப்புக்குள் இருக்கும் அறைகள் ஆண்களுக்கு மட்டும். அதனால் 2010இல் எல்லோருக்குமாக இதைத் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். சுத்தமான வெள்ளை அறை, இரண்டு கட்டில், ஒரு மேசை, சன்னல் வழியே மடத்தின் சுவர். பையை வைத்துவிட்டு மாலைச் செபத்துக்கு ஓடினோம்.

கோயில் உயரமானது, ஒடுங்கியது, வெறுமையானது. சுவரில் ஓவியம் இல்லை. வெள்ளை அங்கி போட்ட துறவிகள் இரண்டு வரிசையாக வந்து எதிரெதிரே நின்றார்கள். ஒரு பக்கம் பைபிளின் சங்கீதப் பாட்டில் ஒரு வரியைப் பாட, மறு பக்கம் அடுத்த வரியைப் பாடுகிறது. மொழி கத்தலான். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் எங்கே உட்காரணும், எங்கே எழுந்து தலை குனியணும் என்பது மட்டும் தப்பவே இல்லை. "பிதாவுக்கும் சுதனுக்கும்" வரும் இடத்தில் எல்லோரும் குனிய, அம்மாவும் குனிந்தார்கள்.

வெளியே வந்ததும் முதல் கேள்வி: "ஏண்டி, இத்தனை பெரிய கோயில்ல பத்தொன்பது பேர்தானா? நான் எண்ணிட்டேன்."

ஆமாம், பத்தொன்பது. அந்த எண்ணிக்கையைப் பற்றி மூன்றாம் நாள் எழுதுகிறேன்.

இரண்டாம் நாள்

காலை முழுக்கக் கல்லைப் பார்த்தோம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1098இல் பிரான்சில், பர்கண்டியின் ஒரு சதுப்புக் காட்டில், மொலெம் மடத்தின் தலைவர் ராபர்ட் இருபதுக்கு மேற்பட்ட துறவிகளோடு போய்க் குடிசை போட்டார். அந்த இடம் சித்தோ, லத்தீனில் சிஸ்டர்சியும். சபையின் பெயர் அதிலிருந்து வந்தது. அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. நம் ஊர்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று சொல்லும் புனித பெனடிக்ட் எழுதிவைத்த ஒழுங்கை அப்படியே கடைப்பிடிக்கணும், அவ்வளவுதான். செபம், படிப்பு, கை வேலை. அந்தக் காலத்துப் பெரிய மடங்களில் செபம் நீண்டு நீண்டு, கை வேலை காணாமல் போயிருந்தது. இவர்கள் மண்வெட்டியைத் திரும்ப எடுத்தார்கள். சாயம் போடாத கம்பளித் துணியை உடுத்தினார்கள், அதனால்தான் வெள்ளைத் துறவிகள் என்ற பெயர். 1113 வாக்கில் பெர்நார்து என்ற இளைஞர் உறவினரும் நண்பருமாக முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் 1153இல் இறந்தபோது சபைக்கு ஐரோப்பா முழுக்க முந்நூறுக்கும் மேல் மடங்கள்.

பொப்லெட் அந்த அலையில் பிறந்தது. பார்சிலோனாவின் பிரபு நான்காம் ரமோன் பெரங்கேர் 1148இல் தொர்தோசாவையும் 1149இல் லெய்தாவையும் முஸ்லிம் ஆட்சியிடமிருந்து பிடித்தார். பிடித்த நிலத்தில் ஆள் வேண்டும், உழவு வேண்டும். தெற்குப் பிரான்சின் ஃபோன்ஃபுரோவாத் மடத்துக்கு இந்த இடத்தை எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து துறவிகள் வந்தார்கள். பக்தியும் இருந்தது, அரசியல் கணக்கும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த இடம் புரியும்.

உள்முற்றத்தில்தான் அதிக நேரம் இருந்தோம். நான்கு பக்கமும் வளைவுத் தாழ்வாரம், நடுவில் சைப்ரஸ் மரங்கள். சாப்பாட்டு அறை வாசலுக்கு நேர் எதிரே அறுகோணத்தில் ஒரு சின்ன மண்டபம், அதற்குள் வட்டமான கல் தொட்டி. விளிம்பைச் சுற்றித் தண்ணீர் விழும் துளைகள். வயலிலிருந்து வருகிறவர்கள் கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும். கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு துளைக்குக் கீழேயும் கல் வழவழவென்று ஒரு நாக்கு மாதிரி தேய்ந்து, அதன் மேல் சுண்ணாம்பு படிந்து, அதன் மேல் பச்சைப் பாசி. தண்ணீரின் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்கிறது. அம்மா கையை நீட்டிக் கழுவிக்கொண்டு, ஈரக் கையால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அது தீர்த்தம் இல்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

பக்கத்தில் கூட்ட அறை. நான்கு மெல்லிய எண்கோணத் தூண்கள், ஒவ்வொன்றிலிருந்தும் கல் விலா எலும்புகள் பனை ஓலை மாதிரி விரிந்து கூரையைத் தாங்குகின்றன. தினமும் இங்கே உட்கார்ந்து பெனடிக்டின் ஒழுங்கிலிருந்து ஓர் அதிகாரம் வாசிப்பார்கள். தரையில் பழைய மடத்தலைவர்களின் கல்லறைப் பலகைகள். உருவமும் கையில் பிடித்த கோலும் தெரிகின்றன. தலைவராக இருந்தவர்கள் தம் மடத்தார் காலடியில் படுத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. மாடியில் படுக்கைக்கூடம், 87 மீட்டர் நீளம், பத்தொன்பது கல் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறு முனையில் நிற்கும் ஆள் விரல் அளவு.

அப்புறம் அரசர்கள். கோயிலில் சிலுவை வடிவம் குறுக்கே வெட்டும் இடத்தில், இரண்டு பக்கமும் தாழ்ந்த அகலமான வளைவு, அதன் மேல் கல்லறைகள் வரிசையாக. மல்லோர்காவையும் வலென்சியாவையும் வென்ற முதலாம் ஜாவ்மே இங்கே இருக்கிறார். 1276இல் சாகும் தறுவாயில் அரச உடையைக் கழற்றிவிட்டு சிஸ்டர்சியன் அங்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவர். பொப்லெட்டை நிலையான அரச கல்லறையாக்கியவர் அவருக்கு நாலு தலைமுறை தள்ளி வந்த பெரே. சடங்கு சம்பிரதாயத்தில் குறை வைக்காதவர் என்பதால் அவருக்குப் பட்டப்பெயரே 'சம்பிரதாயர்'. தனக்குப் பின் வரும் அரசர்கள், பொப்லெட்டில்தான் அடக்கமாவோம் என்று முடிசூட்டின்போது சத்தியம் செய்ய வேண்டும் என்று விதித்தார். நேற்றுப் பார்த்த உள்மதிலும் அதன் கோபுரங்களும் அவர் கட்ட ஆரம்பித்தவை. காஸ்தீலியாவோடு போர் நடந்த காலம்.

இந்தக் கல்லறைகளைச் செதுக்கியவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜோர்தி தெ தேவு. கிரேக்க வம்சம், சிசிலியிலிருந்து வந்தவர், சிற்பி ஜாவ்மே காஸ்கால்சின் அடிமை. விலைக்கு வாங்கப்பட்ட ஆள். எசமானரிடம் உளி பிடிக்கக் கற்று, எசமானர் மறைந்த பிறகு விடுதலையாகி, அரசருக்கே சிற்பியாக வேலை செய்தார். படுத்திருக்கும் அந்த அரசர்களின் மடிப்பு மடிப்பான உடையைப் பார்க்கும்போது எனக்கு அவர் கை ஞாபகம்தான் வந்தது.

பீடத்துக்குப் பின்னால் அலபாஸ்டர் கல்லில் பிரம்மாண்டமான ஒரு சிற்பச் சுவர் இருக்கிறது. தாமியா ஃபோர்மென்ட் 1527இல் தொடங்கிச் செய்தது. அழகுதான். ஆனால் பெர்நார்து இருந்திருந்தால் இந்த ஆடம்பரத்தை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். மடத்துத் துறவிகளே ஒத்துக்கொள்ளவில்லை. செலவைப் பற்றியும் வேலையின் தரத்தைப் பற்றியும் வழக்கு வரைக்கும் போனது, அதை வாங்கிய மடத்தலைவர் பதவியை இழந்தார். மண்வெட்டியோடு தொடங்கியவர்கள் அந்த நேரத்துக்குள் ஊர் ஊராக நிலம் வைத்திருக்கும் பண்ணையாராகியிருந்தார்கள். அதை மூடி மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. நாளைக்கு எழுதப்போகும் அழிவுக்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் நாள்

விடியற்காலை ஐந்தேகாலுக்கு முதல் செபம். அம்மா எழுந்துவிட்டார்கள், நானும் கூடப் போனேன். கோயிலில் விளக்கு இரண்டோ மூன்றோதான். குளிர் கல்லிலிருந்து செருப்பு வழியாக ஏறியது. பாடிய நேரத்தை விட அமைதியாக இருந்த நேரம் அதிகம். ஏழு மணிக்குக் காலைச் செபம் முடிந்து வெளியே வந்தபோது மலைக்குப் பின்னால் வெளுத்திருந்தது.

இன்று அழிவையும் மீட்பையும் பற்றி.

1835 ஜூலை. ஸ்பெயினில் வாரிசுப் போர் நடக்கிறது. துறவியர் மடங்கள் போரில் எதிர்த்தரப்புக்கு ஆதரவு என்று நகரங்களில் கோபம். பக்கத்து ரேவுஸ் நகரில் மடங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்ததும் பொப்லெட் துறவிகள் வெளியேறினார்கள். அடுத்த வருடம் பிரதமர் மெந்திசாபலின் அரசு மடங்களின் சொத்தைப் பறிமுதல் செய்து ஏலத்துக்கு விடும் சட்டம் கொண்டுவந்தது. அரசுக்குக் கடன், போருக்குப் பணம் வேண்டும்.

ஆனால் காலி மடத்துக்குள் முதலில் நுழைந்தது அரசு இல்லை, சுற்றுவட்டார மக்கள். அறுநூறு வருடமாக விளைச்சலில் பங்கும் வரியும் கொடுத்தவர்கள். கல்லறைகளுக்குள் பொன் இருக்கிறது என்ற பேச்சு. அரசர்களின் கல்லறைகளைச் சம்மட்டியால் உடைத்தார்கள், எலும்புகளை வெளியே இழுத்துப் போட்டார்கள். நேப்பிள்ஸின் ஆளுநராக இருந்த பெரே அந்தோனி த அரகோன் 17ஆம் நூற்றாண்டில் கொடுத்த நூலகம், சிவப்புத் தோல் கட்டிய ஆயிரக்கணக்கான புத்தகங்கள், சிதறிப்போயின. உத்தரத்தை விறகுக்கு எடுத்தார்கள், ஓட்டைப் பெயர்த்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறதா என்று யோசித்துப் பார்த்தேன். வருகிறது. அவர்கள் கோபமும் புரிகிறது. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது.

1837இல் எஸ்ப்ளூகாவின் பங்குச் சாமியார் அந்தோனி செரெத் இங்கே வந்து, கீழே கிடந்த அரசர்களின் எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்துத் தன் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்தார். எது யாருடையது என்று பிரிக்க முடியாத நிலை. பிறகு அவை தாராகோனா பேராலயத்துக்குப் போயின. முதல் நாள் நாங்கள் முழங்கால் வலியோடு நடந்த அதே பாதைதான் அவர் நடந்ததும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "ராசாவாவது ஏழையாவது, எலும்பைத் தரையில விடக் கூடாதுன்னு தோணிச்சே அவருக்கு" என்றார்கள்.

இனி மூன்று பையன்கள். ரேவுஸில் ஒரே பள்ளியில் படித்தவர்கள்: அந்தோணி கௌடி, ஹோசே ரிபேரா, எதுவார்த் தோதா. கையால் எழுதி 12 பிரதி போட்டு ஒரு வார இதழ் நடத்தினார்கள், படம் போட்டது கௌடி. விடுமுறைக்கு எஸ்ப்ளூகா வருவார்கள், அங்கிருந்து இந்த இடிபாட்டுக்குள் வந்து சுற்றுவார்கள். 1870 வாக்கில் மூவரும் உட்கார்ந்து பொப்லெட்டை மீட்க ஒரு திட்டமே எழுதினார்கள். முதலில் திருட்டைத் தடுக்க வேண்டும், விழும் சுவரைத் தாங்க வேண்டும், கூரை போட வேண்டும், உள்ளே தொழிலாளர்களைக் குடியேற்ற வேண்டும், பார்க்க வருகிறவர்களிடமும் புத்தக விற்பனையிலும் பணம் சேர்க்க வேண்டும். கௌடி மடத்தின் சின்னத்தை வரைந்து கொடுத்தார். தோதா அந்த வருடமே பொப்லெட்டைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அச்சிட்டார். அவருக்கு வயது பதினைந்து.

திட்டம் நடக்கவில்லை. எப்படி நடக்கும், கையில் காசில்லாத மூன்று பையன்கள். கௌடி கட்டடக் கலைஞராகி பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியாவுக்குள் தன் வாழ்நாளைக் கொடுத்து 1926இல் டிராம் மோதி இறந்தார். ரிபேரா மத்ரிதில் அறுவை மருத்துவராகி அவருக்கும் முன்பே காலமானார். தோதா தூதரக வேலைக்குப் போனார். மக்காவு, ஹாங்காங், ஷாங்காய். சீன நாணயங்களைச் சேர்த்தார். பிறகு கெய்ரோ. 1886இல் தேர் எல் மதீனாவில் சென்னெஜெம் என்ற கைவினைஞரின் கல்லறை, யாரும் தொடாத நிலையில் கிடைத்தபோது உள்ளே இருந்த பொருட்களைப் பதிவுசெய்யும் பொறுப்பு அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. எகிப்தில் முழுசாகக் கிடைத்த ஒரு கல்லறைக்குள் நின்றபோது, தன் ஊரில் உடைபட்டுக் கிடந்த கல்லறைகள் அவர் நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா?

1930இல் பொப்லெட்டுக்காக ஒரு பாதுகாப்புக் குழு அமைந்தது. தலைவர் தோதா. வயது எழுபத்தைந்து. பதினைந்து வயதில் எழுதிய வேலையை அறுபது வருடம் கழித்துத் தொடங்கினார். மடத்திலேயே குடியேறினார். சொந்தப் பணத்தையும் போட்டார். கூரை ஏறியது, முற்றம் சுத்தமானது, 1935இல் கோயில் மறுபடி வழிபாட்டுக்குத் திறந்தது. அடுத்த வருடம் உள்நாட்டுப் போர். நாடு முழுக்கக் கோயில்கள் எரிந்த அந்த மூன்று வருடத்தையும் பொப்லெட் தாண்டியது.

1940 நவம்பர் 24. இத்தாலியிலிருந்து நான்கு சிஸ்டர்சியன் துறவிகள் வந்து சேர்ந்தார்கள், ஜோவான்னி ரொசவீனி தலைமையில். போர் முடிந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, நாட்டில் பஞ்சம். நான்கு பேர் இந்தப் பெரிய கோயிலில் நின்று பாடினால் குரல் எவ்வளவு தூரம் போயிருக்கும்? நேற்று மதியம் ஆளில்லாத நேரத்தில் கோயிலின் கடைசியில் நின்று மெதுவாக 'ஆமென்' என்று சொல்லிப் பார்த்தேன். கல் அதை வாங்கி, கூரை வரைக்கும் கொண்டுபோய், கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கொடுத்தது. நான்கு பேர் போதும் என்று தோன்றியது.

தோதா அதைக் கேட்டார். 1941 ஏப்ரலில் இங்கேயே இறந்தார். ஐந்து மாதம் கேட்டிருக்கிறார்.

கல்லறைகளைச் சிற்பி ஃபிரடெரிக் மாரெஸ் சீர்செய்தார். குவியலாகக் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிப் பொருத்தி, இல்லாத இடத்தில் புதிதாகச் செதுக்கினார். 1952இல் அரசர்களின் எலும்புகள் தாராகோனாவிலிருந்து திரும்பி வந்தன. இன்று மறுபடியும் போய் அந்தக் கல்லறைகளைக் கவனமாகப் பார்த்தேன். சில இடத்தில் கல்லின் நிறம் மாறுகிறது. பழைய துண்டு மங்கலான மஞ்சள், புதியது வெளுப்பு. ஓர் உருவத்தின் உடையில் மடிப்பு பழைய கல்லில் இறங்கி, ஓர் ஒடிசலான கோட்டைத் தாண்டி, புதிய கல்லில் தொடர்கிறது. ஒட்டு தெரிகிறது. தெரியட்டும். தெரிவதுதான் நேர்மை.

இப்போது அம்மாவின் பத்தொன்பது. 1940இல் நான்கு. அதிலிருந்து மடம் வளர்ந்தது, 1967இல் ஜிரோனா பக்கம் சோலியுஸ் என்ற இடத்தில் ஒரு புது மடத்தைத் தொடங்க இங்கிருந்து ஆள் அனுப்பினார்கள். பொப்லெட்டின் மடத்தலைவர் மவுர் எஸ்தேவா 1995 முதல் 2010 வரை சபை முழுவதற்கும் தலைவராக இருந்தார். 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மடம் சேர்ந்தது. ஐரோப்பாவில் துறவறத்துக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகும் காலம் இது. அந்தக் கணக்கில் பார்த்தால் பத்தொன்பது என்பது குறைவு இல்லை. அதில் இரண்டு பேருக்கு முடி நரைக்கவில்லை. அதையும் அம்மாதான் கவனித்துச் சொன்னார்கள்.

இரவுச் செபம். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டார்கள், மாதா சொரூபத்தின் மேல் மட்டும் வெளிச்சம். லத்தீனில் 'சால்வே ரெஜினா' எழும்பியது. சிஸ்டர்சியன் மடங்கள் எல்லாவற்றிலும் நாளை முடிப்பது இந்தப் பாட்டு. முதல் இரண்டு சொல் வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார்கள். "இது நம்ம கிருபை தயாபத்துதானே?" அதேதான். செபமாலை முடிவில் பாட்டி சொல்லுவாள், நாங்கள் எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் கூடவே சொல்லுவோம். லத்தீனில் அவர்கள் பாட, அம்மா உதடு மட்டும் அசைய, 'எங்கள் ஜீவியமே, எங்கள் தஞ்சமே, எங்கள் மதுரமே வாழ்க' என்று தமிழில் போய்க்கொண்டிருந்தார்கள். முடியும் இடம் இரண்டுக்கும் ஒன்றாகவே வந்தது. பிறகு மடத்தலைவர் ஒவ்வொருவர் மேலும் தீர்த்தம் தெளித்தார், எங்கள் பக்கமும் இரண்டு துளி விழுந்தது. அதற்கு அப்புறம் யாரும் பேசுவதில்லை. நாங்களும் பேசாமல் அறைக்கு வந்தோம்.

நான்காம் நாள்

திரும்பும் வழியில் சாந்தெஸ் கிரேயுஸ். இந்த வட்டாரத்தில் மூன்று சிஸ்டர்சியன் மடங்களைச் சேர்த்து ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். மூன்றாவது, பெண் துறவியரின் வால்போனா. அதற்கு நேரம் இல்லை. இந்தத் தடவை டாக்சி சொன்ன நேரத்துக்கு வந்தது. அம்மாவுக்கு வழியில் கொறிக்க எஸ்ப்ளூகாவில் கார்கின்யோலி ஒரு பொட்டலம் வாங்கினேன், பாதாம் போட்ட கடினமான பிஸ்கெட். பல்லுக்குக் கொஞ்சம் வேலைதான், காபியில் நனைத்தால் சரியாகிவிடுகிறது.

சாந்தெஸ் கிரேயுஸ் 1160 வாக்கில் இந்த இடத்துக்கு வந்தது. பொப்லெட்டை விடச் சின்னது, என் கண்ணுக்கு அழகில் ஒரு படி மேல். உள்முற்றத்தின் தூண் தலைப்புகளில் இலை, விலங்கு, ஆண், பெண். அதன் வேலையில் இங்கிலாந்திலிருந்து வந்த ரெய்னார்ட் என்ற சிற்பிக்குப் பங்கு உண்டு. கோயிலுக்குள் அரசர் மகா பெரேயின் கல்லறை. இவர் வேறு பெரே, 'சம்பிரதாயர்' இல்லை. 1285இல் இறந்தவர். அவர் உடலை வைத்திருப்பது செம்பாறையில் குடைந்த பழைய ரோமானியக் குளியல் தொட்டி, சிசிலியிலிருந்து அவர் கடற்படைத் தளபதி கொண்டுவந்தது. 1835இல் இங்கேயும் கல்லறைகளை உடைத்தார்கள். பெரேயின் கல்லறையை மட்டும் அவர்களால் திறக்க முடியவில்லை, அந்தக் கல் அவ்வளவு கனம். 2010 வாக்கில் ஆய்வாளர்கள் திறந்தபோது அரசர் இருந்த மாதிரியே இருந்தார்.

கல்லறை தப்பியது. ஆனால் இந்த மடத்துக்குத் துறவிகள் திரும்பி வரவில்லை. இன்று இது அருங்காட்சியகம். நன்றாகப் பராமரிக்கிறார்கள், ஒரு ஓடுகூட நழுவியிருக்காது. பொப்லெட்டில் ஒட்டுப்போட்ட கல்லறைகளுக்கு நடுவில் பாட்டு இருக்கிறது. இங்கே கல்லறை முழுசாக இருக்கிறது, பாட்டு இல்லை. எது எனக்கு வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவேன்.

மதியம் ஒரு மணி. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று போய்விட்டது. கோயிலில் நாங்கள் இரண்டு பேர், வாசலில் நாற்காலி போட்டு ஒரு காவல்காரப் பெண். அம்மா நடுவில் போய், துறவிகள் எதிரெதிரே நின்றிருக்க வேண்டிய இடத்தில் நின்றார்கள். சுற்றிப் பார்த்தார்கள்.

"இங்க யாருமே செபிக்கிறது இல்லையாடி?"

"தினமும் இல்லம்மா."

அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். பிறகு சின்னக் குரலில், யாருக்கும் தொந்தரவு இல்லாதபடி, தொடங்கினார்கள்: "கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே வாழ்க." காவல்காரப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்து நான் இரண்டு அடி வைத்தேன். அவர் கதவைச் சாத்தி, வெளியே சுற்றுலாக்காரர்கள் பேசும் சத்தம் உள்ளே வராதபடி செய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் அம்மா பக்கத்தில் போய் நின்று அடுத்த வரியைச் சொன்னேன்.

ரயில் நாலரைக்கு.